எரியாத பல்பும் ஐயாயிரம் சுற்றும்

பல்பு எரியவில்லை.

தட்சிணாமூர்த்தி கையிலிருந்த இரண்டு சோதனைக் குச்சிகளையும் எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்துப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை.

"கரண்ட்டு போயிருக்கும்பா" என்றான் ஏழு வயது அரவிந்தன்.

"தலைக்கு மேல ஃபேன் ஓடுது பாரு."

அரவிந்தன் நிமிர்ந்து பார்த்தான். ஃபேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அவர்களுடைய மோட்டார் வைண்டிங் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கடைச் சுவரில் தொங்கிய அந்த நூறு வாட் பல்புதான் அங்கே நீதிபதி. எந்த மோட்டார் வந்தாலும் அதன் காயில் எனப்படும் கம்பிச்சுருளின் இரண்டு நுனிகளிலும் குச்சிகளை வைப்பார் தட்சிணாமூர்த்தி. கரண்ட்டு சுருளுக்குள் புகுந்து வந்துதான் பல்பை எரிய வைக்க வேண்டும். எரிந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் உள்ளே எங்கோ அறுந்துவிட்டது. இருபது வருடமாக அந்தப் பல்பின் தீர்ப்பை யாரும் மறுத்ததில்லை.

ஆனால் இன்று மேஜைமேல் இருந்தது மோட்டார் இல்லை. ஒரு கிதார்.

தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், காலில் செருப்போடு நின்றாள் பதினொரு வயது வெண்மதி. அப்பா கரண்ட்டைத் தொடும்போது பிள்ளைகள் அங்கேதான் நிற்க வேண்டும். கிதாரைக் கொண்டுவரச் சொன்னதே அவள்தான்.

கிதார் பக்கத்து வீட்டுப் பிரிசில்லாவுடையது. சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிற பெண். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிப்பாள். நேற்று பாட்டின் நடுவில் கிதார் திடீரென்று ஊமையாகிவிட்டது. அழாத குறையாக வீட்டு வாசலில் நின்றவளிடம், "எங்கப்பா எந்தக் காயிலா இருந்தாலும் சுத்துவாருக்கா" என்று வெண்மதி பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"மாமா, என்ன ஆச்சு?" என்று கேட்டாள் பிரிசில்லா.

தட்சிணாமூர்த்தி கம்பிகளுக்குக் கீழே இருந்த தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்திருந்தார். "இதுக்கு என்னம்மா பேரு?"

"பிக்கப், மாமா. உள்ள காந்தம் இருக்கும். அதைச் சுத்தி ரெண்டு காயில். மேல கம்பி அதிர்ந்தா காயிலுக்குத் தெரியும். அது ஸ்பீக்கருக்குச் சொல்லும்."

"ஒரு காயில் போதாதா?" என்றாள் வெண்மதி.

"ஒண்ணு போட்டா, டியூப்லைட்டு, ஃபேன், அதோட இரைச்சலையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். ம்ம்ம்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு காயிலை எதிரும் புதிருமா போட்டா ஒண்ணோட இரைச்சலை இன்னொண்ணு அடிச்சுப் போட்டுடும். பாட்டு மட்டும் நிக்கும். இதை ஹம்பக்கர்னு சொல்லுவாங்க."

தட்சிணாமூர்த்தி பெட்டியைப் பிரித்தார். இரண்டு சின்னச் சுருள்களையும் தனித்தனியாகச் சோதித்தார். குச்சியை எடுக்கும்போது நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொறி தெறித்தது. பல்பு எரியவில்லை.

"ரெண்டும் போச்சு" என்றார்.

"ரெண்டுமே ஒரே நாள்ல எப்படிப்பா போகும்?" என்றாள் வெண்மதி.

"ஏன் போகாது? மோட்டார்ல மூணு காயிலும் ஒண்ணாப் போகுது. பல்பு பொய் சொல்லுமா?"

பிரிசில்லா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சனிக்கிழமை எங்க காலேஜ்ல விழா, மாமா. ஆறு மாசமா வாசிச்சுப் பழகுறோம். கிதார் ரெடியாகலைன்னா நான் இல்லாமலே வாசிச்சுக்கிறோம்னு கூட வாசிக்கிற பசங்க சொல்லிட்டானுங்க."

"வேற கிதார் வாங்கி வாசிக்கலாம் இல்லக்கா?" என்றாள் வெண்மதி.

பிரிசில்லா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "நான் இந்தக் கைக்காரி. மத்தவங்க கிதாரு எனக்குத் தலைகீழா இருக்கும். எங்கண்ணன் கப்பல்ல போறப்போ சிங்கப்பூர்ல தேடித் தேடி வாங்கியாந்தது இது."

அப்போது கடை போன் அடித்தது. குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு விவசாயி. தட்சிணாமூர்த்தி எப்போதும் சொல்வதையே அவருக்கும் சொன்னார். "அவ்ளோ தூரம் மெல்லிசு ஒயர் இழுத்தா கரண்ட்டு வழியிலேயே களைச்சுப் போயிடும்யா. அப்புறம் மோட்டார் முக்கத்தான் செய்யும். தடிமனா போடு. வெள்ளிக்கிழமை நானே வர்றேன்."

போனை வைத்துவிட்டுப் பிரிசில்லாவைப் பார்த்தார். "சுத்திடலாம்மா. எத்தினி சுத்துன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

அவள் பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய், கம்ப்யூட்டரில் தேடி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். தட்சிணாமூர்த்தி வாங்கிப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஒரு காயிலுக்கு ஐயாயிரம் சுத்தா?"

அவர் சுற்றிய மோட்டார்களில் ஒரு சுருளுக்கு நூறு சுற்றைத் தாண்டியதே அபூர்வம்.

*

மறுநாள் பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர், தட்சிணாமூர்த்தி போனில் சொல்லி வரவழைத்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சின்ன உருளையில் செம்புக் கம்பி. அரவிந்தன் அதைப் பார்த்துவிட்டு, "கம்பி எங்கே?" என்று கேட்டான். அவ்வளவு மெல்லியது. வெண்மதியின் தலைமுடியே அதைவிடத் தடிமனாக இருந்தது.

பழைய கம்பியை வெட்டி எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார் தட்சிணாமூர்த்தி. காக்கைக்கூடு போல அது பளபளத்துக் கிடந்தது. பிறகு புதுக் கம்பியைக் கைமிஷினில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார்.

பத்தாவது சுற்றில் கம்பி அறுந்தது.

மறுபடி. முப்பதாவது சுற்றில் அறுந்தது.

மூன்றாவது தடவை ஆறாவது சுற்றிலேயே போய்விட்டது. தட்சிணாமூர்த்தி திகைத்துப்போய்த் தன் கைகளையே பார்த்தார். போர்வெல் மோட்டாருக்குள் தடித்த கம்பிகளைத் திணித்துத் திணித்துக் காய்ப்பேறிய கைகள். அந்த விரல்களுக்கு அந்தக் கம்பி இருப்பதே தெரியவில்லை.

பின்னால் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அம்மா திலகவதி எட்டிப் பார்த்தாள். "மாட்டைக் கட்டுற கயிறு மாதிரி இழுக்குறீங்களே."

"நீ வந்து இழேன்."

"எனக்கு நாலு ஜாக்கெட் பாக்கி இருக்குது."

வெண்மதி அம்மாவின் மிஷினைப் பார்த்தாள். தினமும் பாபினில் நூல் சுற்றித் தருவது அவள் வேலை. நூலை இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும். விட்டுப் பிடித்தால் கசகசவென்று புடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அது அவள் விரலுக்குத் தெரியும்.

"அப்பா, தையல் மிஷின்ல சுத்தலாமா?"

தட்சிணாமூர்த்தி சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை. எழுந்துபோய் மிஷினின் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். நடுத்திருகைத் தளர்த்தினால் சக்கரம் மட்டும் சுற்றும். ஊசி ஆடாது. சக்கரத்தின்மேல் ஓர் அட்டை வட்டத்தை ஒட்டி, அதன் நடுவில் கிதார்ச் சுருளின் கட்டையை ஒட்டினார்கள். சக்கரத்தில் வெண்மதி சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அம்மா மிதியை ஒரு முறை அழுத்தினால் கோடு நான்கு முறை சுற்றி வந்தது.

"ஐயாயிரத்தை நாலால வகுத்தா ஆயிரத்து இருநூத்து அம்பது மிதி" என்றாள் வெண்மதி.

"ஆயிரத்து இருநூறா? என் கால் என்னத்துக்கு ஆகுறது?" என்றாள் அம்மா. ஆனால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதன்கிழமை மாலை வேலை ஆரம்பமானது. ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் கரண்ட்டு போனது. தெருவே "ஓ" என்றது. அவர்களுக்குக் கவலை இல்லை. கால் மிஷினுக்குக் கரண்ட்டு எதற்கு? வாசல் பக்கம் வெளிச்சத்துக்கு மிஷினை நகர்த்திக்கொண்டார்கள்.

அம்மா மிதித்தாள். வெண்மதி ஒரு துண்டு வெல்வெட் துணிக்குள் கம்பியை வைத்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, இடமும் வலமுமாக ஓட்டினாள். ஐம்பது மிதிக்கு ஒரு புளியங்கொட்டை என்று அரவிந்தன் டப்பாவில் போட்டான். இருபத்தைந்து கொட்டை சேர்ந்தால் சுருள் முடிந்தது.

"எழுநூத்து நாலு, எழுநூத்து அஞ்சு... அக்கா, பல்லிக்குக் காது உண்டா?"

"எண்ணுடா."

"எழுநூத்து... அஞ்சா ஆறா?"

"ஆறு" என்று அம்மாவும் வெண்மதியும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசிக் கொட்டை விழுந்தபோது அம்மாவின் கால் மரத்துப் போயிருந்தது. கம்பி ஒரு தடவைகூட அறுபடவில்லை. பட்டுநூல்கண்டு போல மின்னியது சுருள். கரண்ட்டு வந்ததும் தட்சிணாமூர்த்தி நுனிகளைத் தீக்குச்சியால் சுட்டுச் சுத்தம் செய்து, பல்பில் சோதித்தார்.

பல்பு எரியவில்லை.

"உள்ள எங்கேயோ அறுந்திருக்கு" என்றார் அவர். வெண்மதி வாயைத் திறப்பதற்குள் பிளேடை எடுத்து ஐயாயிரம் சுற்றையும் வெட்டி எடுத்துவிட்டார். குப்பைக்கூடையில் இன்னொரு காக்கைக்கூடு.

வியாழக்கிழமை மறுபடி சுற்றினார்கள். மறுபடி ஆயிரத்து இருநூற்றைம்பது மிதி. மறுபடி இருபத்தைந்து புளியங்கொட்டை.

பல்பு எரியவில்லை. தட்சிணாமூர்த்தியின் கை பிளேடைத் தேடியது.

"வேணாம்பா. அப்படியே இருக்கட்டும்" என்றாள் வெண்மதி. அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டார். அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

"நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணுகிட்ட முடியலைன்னு சொல்லிடுறேன்" என்று மட்டும் சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டு வந்ததும் வெண்மதி கடை மேஜை முன்னால் உட்கார்ந்தாள். அப்பா குறிஞ்சிப்பாடிக்குப் போயிருந்தார். சுருள் அவள் எதிரில் இருந்தது.

இது அறுந்திருந்தால் என் விரலுக்குத் தெரிந்திருக்குமே என்று நினைத்தாள். கம்பி அறுந்தால் துணிக்குள் சட்டென்று லேசாகிவிடும். ஐயாயிரம் சுற்றிலும் அப்படி ஒரு முறைகூட ஆகவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. அப்பா குச்சியை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பொறி. அறுந்த கம்பியில் பொறி எப்படி வரும்?

அம்மாவின் இஞ்ச் டேப்பை எடுத்தாள். சுருளின் ஒரு சுற்று சுமார் பதின்மூன்று சென்டிமீட்டர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐயாயிரத்தால் பெருக்கினாள். அறுபத்தையாயிரம் சென்டிமீட்டர். அறுநூற்றைம்பது மீட்டர்.

வெண்மதி பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். அந்தக் குட்டிச் சுருளுக்குள் அரை கிலோமீட்டருக்கும் மேலான கம்பி. அதுவும் முடியைவிட மெல்லிய கம்பி.

அவ்ளோ தூரம் மெல்லிசு ஒயர் இழுத்தா கரண்ட்டு வழியிலேயே களைச்சுப் போயிடும்யா.

யார் சொன்னது? அப்பாதான். குறிஞ்சிப்பாடிக்காரரிடம். அவருக்கு முன்னால் எத்தனையோ பேரிடம்.

கரண்ட்டு களைத்துப் போயிருக்கிறது. அறுநூற்றைம்பது மீட்டர் நடந்து வந்தபிறகு நூறு வாட் பல்பை எரிக்க அதனிடம் தெம்பு இல்லை. சுருள் நன்றாக இருந்தாலும் இந்தப் பல்பு எரியாது.

அப்படியானால் பல்பைவிடக் கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஒன்றிடம் கேட்க வேண்டும். மேல் அலமாரியில் பழைய முள் மீட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. பேட்டரி தீர்ந்து நான்கு வருடம் ஆயிற்று. "பல்பு இருக்க இது எதுக்கு?" என்று அப்பா மாற்றவே இல்லை. இரண்டு பென்சில் பேட்டரி போதும் அதற்கு.

வீட்டுக்குள் டிவி ரிமோட்டில் இரண்டு பேட்டரி இருந்தன.

மீட்டரில் அவற்றைப் போட்டாள். முதலில் ஓர் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். முள் ஒரே தாவலாகத் தாவியது. குச்சிகளை விலக்கினாள். முள் படுத்துக்கொண்டது. இப்போது சுருளின் இரண்டு நுனிகள்.

முள் மெதுவாக எழுந்தது. பாதி தூரம் வந்தது. நின்றது.

"என்னடி பண்ற?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அம்மா.

"உயிரோட இருக்கும்மா. பல்புக்குத்தான் தெரியல."

அம்மா முள்ளைப் பார்த்தாள். "அப்போ நேத்து சுத்துனது நல்லாத்தான் இருக்கா?"

"ஆமாம்மா."

"முந்தாநாள் சுத்துனது?"

வெண்மதியின் கண்கள் குப்பைக்கூடைக்குப் போயின. முந்தாநாள் சுற்றியது அங்கே கிடந்தது. அதற்கும் கீழே, திங்கட்கிழமை பல்பு எரியாததால் வெட்டிப்போட்ட பழைய கம்பி. பிரிசில்லாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கம்பி.

அப்படியானால் அதுவும் நன்றாகத்தான் இருந்ததா? பிறகு கிதார் ஏன் ஊமையானது?

மீட்டரோடு கிதாரிடம் போனாள். ஒயர் செருகுகிற ஓட்டையைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு கம்பி ஈயத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. குச்சியை வைத்துவிட்டுக் கம்பியை லேசாக அசைத்தாள். முள் எழுந்தது, விழுந்தது, எழுந்தது. இன்னும் கொஞ்சம் அசைத்தாள். கம்பி கையோடு வந்துவிட்டது. அது ஒட்டவே இல்லை. சும்மா சாய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு சொட்டு ஈயம். அவ்வளவுதான் கிதாருக்குத் தேவைப்பட்டது. அவர்கள் ஒரு நல்ல பிக்கப்பை அறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"அய்யோ" என்றாள் அம்மா, மிகவும் மெதுவாக.

வெளியே மொபெட் சத்தம் கேட்டது. அப்பா. வாசலுக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வெண்மதி எழுந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. நேற்று சாப்பிடாத முகம். இருபது வருடம் நம்பிய பல்பு. தெருவில் வைத்துச் சொல்கிற விஷயமா இது?

அவர் கை கால் கழுவி, ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கிறவரை காத்திருந்தாள். பிறகு மீட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அப்பா, இதுக்குப் பேட்டரி போட்டேன். சரியாக் காட்டுதான்னு பாக்கிறீங்களா?"

அவர் ஆணியைத் தொட்டார். முள் தாவியது. "நல்லாத்தான் காட்டுது." பிறகு, ஏதோ ஞாபகத்தில், பக்கத்தில் இருந்த சுருளைத் தொட்டார்.

முள் எழுந்து நின்றது.

தட்சிணாமூர்த்தி முள்ளைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். பிறகு குப்பைக்கூடையைப் பார்த்தார். வெண்மதி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பழசு?" என்றார்.

"சாக்கெட்டுக்குள்ள கம்பி விட்டுப் போயிருந்துச்சுப்பா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "புதுசாச் சுத்திட்டோம்னு குடுத்தா போதும். அவளுக்குத் தெரியவா போவுது" என்றார் கடைசியில்.

"நமக்குத் தெரியுமேப்பா" என்றாள் வெண்மதி. "நான் கூட நிக்கிறேன். சேர்ந்தே சொல்லிடலாம்."

தட்சிணாமூர்த்தி மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "திலகம், காலு வலிக்குதா? இன்னொரு காயில் பாக்கி இருக்குது."

*

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரிசில்லா சின்ன ஸ்பீக்கர் பெட்டியோடு வந்தாள். தட்சிணாமூர்த்தி அவளை உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பல்பு, வெட்டியது, மீட்டர், சாக்கெட்.

பிரிசில்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு சொட்டு ஈயம் வெச்சிருந்தா முடிஞ்சிருக்குமா மாமா?"

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான்."

"எங்க எல்லாருதும்" என்றாள் வெண்மதி.

"நான் எண்ணுனது சரிதான்" என்றான் அரவிந்தன்.

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப் பிக்கப்பைத் தடவிப் பார்த்தாள். "பதினொரு மணி பஸ் எனக்கு. பேசுதான்னு பாப்போம்."

ஒயரைச் செருகினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

ம்ம்ம்ம் என்று கடையே அதிர்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்பதுபோல. அவள் கம்பியை மீட்டினாள். அந்த இரைச்சலுக்கு நடுவில், டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அம்மா தன் காலைத் தடவிக்கொண்டாள். பிரிசில்லா கண்களை மூடிக்கொண்டாள்.

வெண்மதியின் மூளை வேறு எங்கோ ஓடியது. இரைச்சல் போக வேண்டும், பாட்டு நிற்க வேண்டும். இங்கே இரைச்சல் நிற்கிறது, பாட்டு போகிறது. எல்லாமே இருக்கிறது. தலைகீழாக இருக்கிறது.

"அப்பா, மோட்டார் தலைகீழா சுத்துனா என்ன பண்ணுவீங்க?"

"இப்போ எதுக்கும்மா அது?"

"சொல்லுங்கப்பா."

"ரெண்டு ஒயரை மாத்திக் குடுப்போம். அதுக்கென்ன..." அவர் நிறுத்தினார். மகளையே பார்த்தார். அடுத்த நொடி ஈயம் உருக்கும் சால்டர் இரும்பைச் சூடாக்கத் திரும்பினார்.

ஒரு சுருளின் இரண்டு நுனிகளையும் கழற்றி, இடம் மாற்றி ஒட்டினார். பெரிய கைகள்தான். ஈயம் வைக்கும்போது மட்டும் அவை நடுங்கவே இல்லை.

பிரிசில்லா ஒயரைச் செருகினாள். இரைச்சல் இல்லை. ஒரு விரலால் மீட்டினாள்.

மேஜைமேல் இருந்த திருகுகள் கிலுகிலுத்தன. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் மறுபடி மீட்டினாள். மறுபடியும். பிறகு கையை எடுக்கவே இல்லை.

"பழசைவிடக் கொஞ்சம் முரட்டுக் குரலா இருக்கு" என்றாள் ஒருவழியாக. "எனக்குப் பிடிச்சிருக்கு. எங்கண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன், மாமா. நீங்க எல்லாரும் கிளம்புங்க."

"எங்கே?"

"சிதம்பரத்துக்குத்தான். இதைச் சுத்துனவங்க இதைக் கேக்க வேணாமா?"

*

மாலையில் கல்லூரி அரங்கம் நிரம்பி வழிந்தது. வெண்மதி குடும்பம் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. முதலில் வாசித்தவர்களின் கிதார் பாட்டோடு சேர்த்து ம்ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருந்தது. மேடை முழுக்க விளக்குகள். எல்லா விளக்குகளின் இரைச்சலும் ஸ்பீக்கரில் வந்தது.

பிரிசில்லா மேடை ஏறினாள். ஒயரைச் செருகினாள். சத்தத்தைக் கூட்டுகிற குமிழை முழுவதும் திருப்பினாள்.

ஒரு சத்தமும் இல்லை. முனகல்கூட இல்லை.

"அக்கா" என்று அரவிந்தன் வெண்மதியின் காதில் கிசுகிசுத்தான். "மறுபடியும் செத்துப்போச்சா?"

அப்பாவின் கை வெண்மதியின் கையை இறுக்கிப் பிடித்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வெண்மதி ஒரு நொடி காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். பிறகு புரிந்தது. அவள் புன்னகைத்தாள்.

"இல்லடா. இரைச்சல்தான் செத்துப்போச்சு."

பிரிசில்லா இடது கையைத் தூக்கினாள். நான்காவது வரிசையை ஒரு முறை பார்த்தாள். கையை இறக்கினாள்.

நாற்காலிகள் அதிர்ந்தன. அரவிந்தன் காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். பாட்டு முடிந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. தட்சிணாமூர்த்தி மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரவு சிதம்பரம் பேருந்து நிலையத்தில் கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து நம்ம டிவியில மீன் வளர்ப்பு மட்டும்தான் வருது" என்றாள் அம்மா. "சேனலே மாற மாட்டேங்குது. ரிமோட்டுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல."

வெண்மதி திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பெட்டிக்கடைக்கு நடந்தார்.

"பென்சில் பேட்டரி நாலு குடுங்க" என்றார். "ரெண்டு ரிமோட்டுக்கு. ரெண்டு எம்பொண்ணோட மீட்டருக்கு."